பக்கம் முப்பத்தொன்று

ஜெனோவாவுக்குக் கிழக்கே, மலை கடலுக்குள்
கால் நனைக்கும் இடத்தில் என் கடை.
கடலை மாவு, உப்புக் கருவாடு, திரி, சோப்பு.
காசு உள்ளவர்கள் பேரம் பேசுவார்கள்.
இல்லாதவர்கள் பேசுவதில்லை.
சொன்ன விலைக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

நிக்கொலோசியாவுக்கு ஒரு கப்பல் இருந்தது.
சரியாகச் சொன்னால்,
ஒரு கப்பலை இருபத்துநான்கு பங்காக்கி
அதில் ஒன்றைப் பாதியாக வெட்டினால் என்ன வருமோ, அது.
சீதனமாக வந்த வெள்ளிக் கரண்டி ஆறையும் விற்று வாங்கினாள்.
"உன் பங்கு எந்தப் பலகை?" என்று சீண்டுவேன்.
"நடுப் பாய்மரத்தின் நிழல்" என்பாள் ஒருநாள்.
இன்னொரு நாள்,
"எலி உட்பட எல்லாவற்றிலும் கொஞ்சம்."

கப்பல் கருங்கடலுக்குப் போயிருந்தது, கோதுமை ஏற்ற.

"கப்பல் வந்ததும் தருகிறேன்."
மாவை மடியில் முடிந்துகொண்டு போவாள்.
கப்பல் வந்ததும் கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கிவிட்டு
பட்டணத்து வைத்தியரிடம் பொய்ப்பல் கட்டுவாள்.
கப்பல் வந்ததும் ஜன்னல்களுக்கு நீலம் பூசுவாள்,
மாமியார் பூசிய பச்சை மறையும்படி
இரண்டு கை கனமாக.
நோட்டில் தேதி எழுதும் கட்டத்தில்
நான் "க.வ." என்று போட்டேன்.
முப்பத்தொன்றாம் பக்கம் முழுக்கக் க.வ., க.வ.

தெருவுக்கும் அது தொற்றிக்கொண்டது.
மூட்டை தூக்கும் பச்சீச்சா,
தக்கை அளவுக்குக் கூடக் கப்பல் இல்லாதவன்,
வலை பின்னும் கத்தரீனாவிடம் சொன்னானாம்:
"கப்பல் வந்ததும் கல்யாணம்."
"எந்தக் கப்பல்?"
"ஏதோ ஒன்று. துறைமுகம்தானே இது."

எங்கள் மாலுமிகள் பேச்சில்
பாக்கியத்துக்கும் புயலுக்கும் ஒரே சொல்: ஃபொர்த்தூனா.
அது வரட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றுகிறவளும்
வரக்கூடாது என்று ஏற்றுகிறவளும்
ஒரே மாதாவின் முன்னால், ஒரே பெயரை முணுமுணுப்பார்கள்.
மாதா எப்படிப் பிரித்தறிகிறாளோ.

நவம்பர் போனது. ஜனவரி போனது.
கப்பல் கவிழ்ந்தவர்கள்தான் கன்னத்தில் கை வைப்பார்கள் என்பது பேச்சு.
இவள் வரப்போகிற கப்பலுக்காக வைத்தாள்,
என் கடைப்படியில், வலிக்கிற பல்லின் பக்கம்.
இனி கடன் இல்லை என்று சொல்லத்தான் இருந்தேன்.
வார்த்தையை வாயில் வைத்து இரண்டு நாள் மென்றேன்.

மூன்றாம் நாள் ஜெனோவாவுக்குப் போனேன்.
மாவு மொத்த வியாபாரி பிர்ரோனே
மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.
ஏழு மாதப் பாக்கி.
என் நாக்கு, என்னைக் கேட்காமல், சொன்னது:
"கப்பல் வந்ததும் தருகிறேன்."
எந்தக் கப்பல் என்று அவர் கேட்கவில்லை.
பேனாவை மையில் தொட்டு எழுதிக்கொண்டார்.
அன்று சாயங்காலம் வங்கியில்
அவரும் அதையே சொல்லியிருப்பார்.

மார்ச்சில் வந்தது கப்பல்,
ஒரு பாய்மரம் குறைவாக.
நடு பாய்மரம்தான்.
அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து
கோதுமை மூட்டைக்குள்ளேயே முளைவிட்டிருந்தது.
மூடியைத் திறந்தபோது
பச்சை நாற்றங்காலைப் போல இருந்ததாம்.
பாதி விலைக்குப் பன்றி வளர்ப்பவர்கள் வாங்கினார்கள்.
மாலுமிகள் கூலி, துறைமுக வரி,
பிழைத்து வந்ததற்காகக் கோயிலுக்கு ஒரு படம்.
எல்லாம் போக நிக்கொலோசியாவின் கைக்கு
நாற்பத்தொரு லீரா.

என் கணக்கு முப்பத்தெட்டரை.
ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.
நான் பக்கத்தின் குறுக்கே கோடு கிழித்தேன்.
மீதிக்கு ஆரஞ்சுத் தோல் மிட்டாய் வாங்கினாள்.
நின்றபடியே தின்றாள்,
பல் கூசக் கூச, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

பிறகும் போகவில்லை.
வாசலில் நின்று பழக்கத்தில் கடலைப் பார்த்தாள்.
பார்க்க ஒன்றுமில்லை. கப்பல்தான் வந்துவிட்டதே.
அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.
கடன் இருந்தபோது அவள் இன்னும் உயரம்.

"மே மாதம் மறுபடி புறப்படுகிறது" என்றாள் மெதுவாக.
"புது மரம் நட்டதும்."
"ம்."
"அரை கிலோ மாவு கொடுங்கள்."
நான் நிறுத்தேன். முப்பத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.
தேதிக் கட்டத்தில் பேனா தானாகவே போய் நின்றது.

அவள் படி இறங்கும்போது கேட்டேன்:
"உன் பங்கின் இன்னொரு பாதி, அது யாரிடம் இருக்கிறது?"
"ஏன்?"
"சும்மா."